ஒர்க்‌ஷாப் கான்கிரீட் தரை ஏன் பொடியாக உதிர்கிறது?

கார் ஒர்க்‌ஷாப்பில் கான்கிரீட் தரை போட்டு ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. கூட்டக் கூட்ட சாம்பல் நிறப் பொடி வந்துகொண்டே இருக்கும். தரையின் மேல்தோல் மட்டும் பலமிழந்து மாவாகத் தேய்வதுதான் இது. கீழே உள்ள கான்கிரீட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

காரணம், தண்ணீர். இழுத்துப் பரப்ப சுலபம் என்று கலவையில் இன்னொரு குடம் ஊற்றிவிடுவார்கள். ஜல்லியும் மணலும் கீழே அமர, உபரி நீர் நுண்துகள்களைச் சுமந்துகொண்டு மேலே வரும். தண்ணீர் கூடிப்போன இட்லி மாவில் மேலே தெளிந்து நிற்குமே, அதேதான். தரையில் அந்த நீர் வற்றுவதற்குள் கரணை போட்டால் மேல்தோல் சோடை. அதைவிட மோசம், ஈரத்தை இழுக்க உலர்ந்த சிமென்ட்டைத் தூவித் தேய்ப்பது. அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். காரைத் தூக்கும் டிராலி ஜாக்கின் இரும்புச் சக்கரம் நாலு நாள் உருண்டால் செதில் செதிலாகக் கிளம்பும்.

புதிதாகத் தரை போடும்போது எம்25 என்ற வலிமைத் தரத்தில் கலவையாவது வேண்டும். கனம் ஆறு அங்குலம் இருந்தால் நிம்மதி. காரை உயர்த்தும் லிஃப்டின் தூண் நிற்கும் இடத்துக்கு மட்டும் லிஃப்ட் கம்பெனி சொல்லும் கனம்தான் கணக்கு. வழவழப்புக்கு உலர் சிமென்ட் வேண்டாம், மேல்தோலைக் கடினமாக்கும் தரை ஹார்டனர் தூள் கேளுங்கள்.

'நன்றாக வெயிலில் காய்ந்தால் கான்கிரீட் இறுகும்' என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது, அதனால் குறைந்தது 7 நாளாவது ஈரச்சாக்கு போட்டு நனைத்தபடியே வைக்க வேண்டும்.