செவ்வாய்க்குப் போகிற வழியில் என்னதான் செய்வார்கள்?

கேள்வி: அறிவியல் புனைகதைகளில் கலம் கிளம்பிய சூட்டோடு விண்கல் மோதுகிறது, எஞ்சின் வெடிக்கிறது. நிஜத்திலும் அப்படித்தானா?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: இல்லை. மங்கள்யானையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013 டிசம்பர் 1 அன்று பிரதான எஞ்சின் சுமார் 22 நிமிடம் எரிந்து, கலத்தைப் பூமியின் பிடியிலிருந்து கிளப்பியது. மறுபடி அது முழுமூச்சாக எரிந்தது 2014 செப்டம்பர் 24 அன்று, செவ்வாய் அருகே வேகத்தைக் குறைக்க, சுமார் 23 நிமிடம். நடுவே கிட்டத்தட்ட 300 நாள். பாதை பிசகாமலிருக்கச் சிறு உந்திகளைச் சில விநாடிகள் இயக்கினார்கள், அவ்வளவே. வழி நெடுக ஆக்ஸிலேட்டரை மிதிக்க இந்த மாதிரிக் கலத்தில் எரிபொருள் கிடையாது.

திகில் வேறு இடத்தில் இருந்தது. அத்தனை நாள் சும்மா கிடந்த எஞ்சின் திரும்பப் பற்றுமா? பழைய வால்வு மக்கர் செய்தால் என்ன செய்வது என்று எரிபொருளுக்கு மாற்றுக் குழாய்வழி ஒன்றும் வைத்திருந்தார்கள். செப்டம்பர் 22 அன்று சுமார் 4 விநாடி எரித்துப் பார்த்தார்கள், எரிந்தது. எழுதத் தெரிந்தவருக்கு அந்த 4 விநாடி போதும்.

கேள்வி: மனிதர்கள் போனால் பொழுது எப்படிப் போகும்?
(வாசகி, தேனி)

பதில்: வீட்டு வேலையில்! சர்வதேச விண்வெளி நிலையத்தில் தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி. செய்யாவிட்டால், இடுப்பு எலும்பு மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் தேயும். வாரக் கடைசியில் வாக்குவம் கிளீனரோடு துப்புரவு. எடையற்ற நிலையில் தூசி தரையில் படியாது. காற்று உறிஞ்சும் சல்லடைகளில் போய் ஒட்டும். காணாமல்போன ஸ்குரூவையும் முதலில் அங்கேதான் தேட வேண்டும். சல்லடை அடைத்தால் காற்றோட்டம் குறைந்து கருவிகள் சூடேறும்.

மிச்ச நேரம் ரிப்பேர். சிறுநீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீராக்கும் இயந்திரத்தின் கதையைக் கேளுங்கள். சிறுநீர் கெடாமலிருக்க அதில் கந்தக அமிலம் சேர்த்தார்கள். விண்வெளியில் எலும்பிலிருந்து கரையும் கால்சியம் சிறுநீரில் அதிகம். கால்சியமும் கந்தக அமிலமும் சேர்ந்தால் ஜிப்சம், அதாவது கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் சமாசாரம். போர் தண்ணீரால் கீசரில் உப்பு படிகிற மாதிரி உள்ளே படிந்து, 2009இல் வடிகலன் நின்றுபோனது. 85 சதவீத நீரை மீட்க வேண்டிய இயந்திரத்தை 75 சதவீதத்துக்கும் கீழே இறக்கி ஓட்ட வேண்டியதாயிற்று. பிறகு கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்த பின்தான் பழைய அளவு கிடைத்தது. செவ்வாய் வழியில் இப்படி நடந்தால், உதிரிபாகத்தோடு சரக்குக் கலம் வராது.

கேள்வி: சலிப்பு அவ்வளவு பெரிய ஆபத்தா?
(வாசகர், சேலம்)

பதில்: மாஸ்கோவில் சோதித்தே பார்த்தார்கள். ‘மார்ஸ்-500’ என்று பெயர். 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை 520 நாள், ஜன்னலில்லாத கூடுகளில் ஆறு பேரை அடைத்துவைத்தார்கள். சண்டை சச்சரவை எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்தான். நாளாக ஆக அவர்களின் நடமாட்டம் குறைந்தது. படுக்கையில் கிடக்கும் நேரம் கூடியது. ஒருவருக்கு உடம்பின் நாள் 25 மணி நேரமாக நீண்டு, மற்றவர்கள் தூங்கும்போது அவர் விழித்திருந்தார். ஆறு பேர் குழுவில் ஒருவர் தனி நேரத்தில் ஓடினால், இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை என்னவாகும்? சூரியன் இல்லாத இடத்தில் காலையில் நீலம் கூடிய வெளிச்சம், இரவில் மங்கல் என்று விளக்கையாவது நேரப்படி மாற்ற வேண்டும்.

வீட்டாரோடு பேசி மனதைத் தேற்றலாமே என்றால், செவ்வாய் வெகுதொலைவில் இருக்கும்போது ‘சாப்டியா?’ என்று கேட்டால் பதில் வர 44 நிமிடம் ஆகும்.

கேள்வி: சிறுகோள் பட்டையைக் கடக்கும்போதாவது வளைந்து நெளிந்து ஓட்ட வேண்டாமா?
(பள்ளி மாணவி, ஈரோடு)

பதில்: வேண்டாம். அந்தப் பட்டை செவ்வாயைத் தாண்டி, வியாழனுக்கு முன்னால் இருக்கிறது. வியாழனுக்குப் போன பயனியர் 10 கலம் 1972 ஜூலையில் அதற்குள் நுழைந்து, 1973 பிப்ரவரியில் பத்திரமாக வெளியே வந்தது. சிறுகோள்களுக்கு நடுவே லட்சக்கணக்கான கிலோமீட்டர் வெற்றிடம். ஒன்றைக் கிட்டத்தில் படமெடுக்க வேண்டுமென்றால், மாதக்கணக்கில் கணக்குப் போட்டுக் கலத்தை அதன் பக்கம் திருப்ப வேண்டும்.