காது மந்தம்: கோளாறு நரம்பிலா, ஜவ்விலா?

கேள்வி: எனக்கு வயது 34. பள்ளி நாட்களிலிருந்தே சளி பிடித்தால் இடது காதில் சீழ் வடியும். இரண்டு வருடமாக அந்தக் காது மந்தமாகிவிட்டது. ஜவ்வில் ஓட்டை, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். நரம்பு போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. காது மெஷின் போதாதா?

பதில்: வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று இழுத்துப் பாருங்கள். சத்தம் மந்தமான இடது பக்கமே கூடுதலாகக் கேட்டால், நரம்பு பெரும்பாலும் தப்பித்திருக்கிறது. நாங்கள் டியூனிங் ஃபோர்க்கை அதிரவிட்டு நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் ஏறக்குறைய இதே சங்கதிதான்.

ஆனால் இதை வைத்து முடிவு கட்ட முடியாது, ஆடியோகிராம் வேண்டும். அதாவது, எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று அளந்து வரையும் படம். அதில் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு கோடுகள்: ஒன்று காற்று வழியாகக் கேட்பது, மற்றது எலும்பு வழியாகக் கேட்பது. எலும்புக் கோடு சரியாக இருந்து காற்றுக் கோடு மட்டும் இறங்கியிருந்தால், நரம்பு நன்றாக இருக்கிறது, கோளாறு ஜவ்விலோ அதற்கு உட்புறமுள்ள நடுக்காதிலோதான். அந்த இடைவெளியைத்தான் ஆபரேஷனால் குறைக்க முடியும். வெறும் ஓட்டையால் இடைவெளி 40 டெசிபலைத் தாண்டுவது அரிது. தாண்டினால், நடுக்காதில் சத்தத்தைக் கடத்தும் மூன்று குட்டி எலும்புகளில் ஒன்றான பட்டடை எலும்பின் மெல்லிய காம்பு அரித்துப்போயிருக்கலாம். அங்கே ரத்த ஓட்டம் குறைவு. சீழ் முதலில் கைவைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. சீழ் நாறுகிறதா? சளியோடு சேர்ந்து, நாற்றமில்லாமல் நிறைய வழிந்தால் அவ்வளவு பயமில்லை. கொஞ்சமாக, விடாமல், துர்நாற்றத்தோடு வந்தால் கொலஸ்டியடோமாவா என்று பார்த்தாக வேண்டும். பெயரைக் கேட்டுக் கொலஸ்ட்ரால் என்று நினைக்க வேண்டாம், புற்றுநோயும் அல்ல. காதுக்குள் தோல் வளர்ந்து, சேர்ந்து, எலும்பைத் தின்னும் நோய். மைக்ரோஸ்கோப்பிலும் சிடி ஸ்கேனிலும் தெரியும். அது இருந்தால், காதுக்குப் பின்னால் உள்ள மாஸ்டாய்டு எலும்பில் செய்யும் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. அங்கே முதல் வேலை நோயை எடுப்பது. கேட்கும் திறன் அப்புறம்தான்.

இல்லையென்றால் அவசரமில்லை. காது காய வேண்டும். டாக்டர் தரும் சொட்டு மருந்தை மட்டும் விடுங்கள். ஓட்டைக் காதில் எல்லாச் சொட்டு மருந்தும் சேராது. சில, உள்காதையே கெடுக்கும். பூண்டு காய்ச்சிய எண்ணெய் வேண்டவே வேண்டாம். குளிக்கும்போது வாசலைன் தடவிய பஞ்சை வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த பிறகு, காதுக்கு மேலே உள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து ஓட்டையில் ஒட்டுவார்கள். தேர்ந்த கைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஓட்டை அடைபட்டுவிடும். எலும்பு அரித்திருந்தால் அதையும் இணைக்கப் பார்ப்பார்கள். சில வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, தண்ணீர் படக் கூடாது. கேட்பது எவ்வளவு திரும்பியது என்பது சுமார் மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஆடியோகிராமில் தெரியும்.

மெஷின் தப்பில்லை. ஆனால் ஒழுகும் காதை அடைத்தால் ஒழுகல் கூடும். ஆபரேஷன் வேண்டாம் என்றாலும், காது காய்ந்த பிறகே வாங்குங்கள்.

இதற்கிடையே தலைசுற்றல், வாய் கோணுதல், காய்ச்சலோடு கடும் தலைவலி என்று ஏதாவது வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.