2டி எண்ணெய் வாசம்

வணக்கம் அண்ணே,

உங்களைப் போல நானும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன்தான். இப்போது ஜொகூர் பாருவில் குடியிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போன மாதம் பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன், ஹோண்டா என்எஸ்ஆர் 150 எஸ்பி, ஹோண்டா பந்தய அணியின் ரெப்சோல் வண்ணத்தில். விலையை இங்கே எழுதினால் மனைவி மறுபடியும் பேச்சை நிறுத்திவிடுவாள். மகன் வைத்திருக்கும் 155 சிசி நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் எல்லா வகையிலும் இதைவிட நல்லது. ஆனாலும் ராத்திரி தூங்கப் போகுமுன் இதைத்தான் போய்த் தொட்டுப் பார்க்கிறேன். "அப்பா, நீங்க தேடறது மோட்டாரையா, உங்க இருபது வயசையா?" என்று மகன் கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

எஸ்., ஜொகூர் பாரு

அன்புள்ள எஸ்,

மகன் கெட்டிக்காரன். ஆனால் கேள்வியில் ஓர் ஓட்டை இருக்கிறது. இருபது வயதைத்தான் தேடுகிறீர்கள் என்றால், லயத்து வரிசை வீடுகளின் பொதுக்குழாயில் வரிசை நின்றதையும் தேட வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, எழுந்ததையும், ரப்பர் பால் மங்கு கழுவிய கையின் நாற்றத்தையும் தேட வேண்டும். அதையெல்லாம் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. மோட்டாரை மட்டும் வாங்குகிறோம். அப்படியென்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

என்னிடம் இருந்தது யமஹா ஆர்எக்ஸ்இசட், 135 சிசி, அதுவும் இரண்டு ஸ்ட்ரோக். 1985இல் இங்கே வந்த மாடல். நான் வாங்கும்போது அது இரண்டு கை மாறியிருந்தது, பெட்ரோல் டாங்கியில் ஒரு பக்கம் நசுங்கல். அதை அப்பாவின் சைக்கிளுக்குப் பக்கத்தில், அதே தகரக் கொட்டகையில்தான் நிறுத்துவேன். தோட்டக் கணக்கரான கிராணி வீட்டு மேட்டில் நான் கியர் குறைக்கும் சத்தம் கேட்டதும் அம்மா கறியைச் சூடு பண்ணுவார். அப்பாவுக்குப் புகைதான் பிரச்சினை. "கொசு மருந்து அடிக்கிறவன் வந்துட்டான், கதவச் சாத்து" என்பார். சாப்பிட உட்காரும்வரை அந்தக் கிண்டல் ஓயாது.

அந்தப் புகைக்குக் காரணம் எளிது. நான்கு ஸ்ட்ரோக்கில் இருப்பது மாதிரி சிலிண்டர் தலையில் திறந்து மூடும் வால்வு இரண்டு ஸ்ட்ரோக்கில் கிடையாது. சிலிண்டர் சுவரில் துளைகள்தாம் உண்டு. மேலும் கீழும் போகிற பிஸ்டனே அவற்றை மூடித் திறக்கிறது. நான்கு ஸ்ட்ரோக்கில், பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வெடிப்பு, இதில் சுற்றுக்கு ஒன்று. உள்ளே உராய்வைத் தாங்க 2டி எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே போய் எரிகிறது. எக்சாஸ் குழாய் நடுவில் வயிறு பெருத்துப் பிறகு ஒடுங்குவதை அழகுக்கு என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. வெளியேறும் புகையின் அழுத்த அலை அந்த ஒடுக்கத்தில் மோதித் திரும்பி வந்து, எரியாமல் தப்பப் பார்க்கிற பெட்ரோல்-காற்றுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஆனால் குறிப்பிட்ட சுற்று வேகத்தில்தான் அந்த அலை நேரத்துக்கு வந்து சேரும். அதற்குக் கீழே வண்டி கிழவன் மாதிரி இருமும். அதை எட்டியதும் சத்தமே மாறும், முன் சக்கரம் லேசாகும், வயிற்றில் என்னவோ செய்யும். உங்கள் மகனின் மோட்டார் அடியிலிருந்து மேல்வரை ஒரே சீராக இழுக்கும். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையை நினைத்து ராத்திரி யார் விழித்திருக்கப் போகிறார்கள்?

இந்த அலை வித்தையைக் கிழக்கு ஜெர்மனியின் எம்சட் என்ற மோட்டார் சைக்கிள் ஆலையில் வால்டர் காடன் என்ற பொறியாளர் மெருகேற்றினார். அந்த ஆலைக்காகப் பந்தயம் ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்கே தப்பியோடினார். அவரோடு வித்தையும் போனது. மறு வருடமே சுசுகியில் 50 சிசி உலகப் பட்டம் வென்றார். அதன் பிறகு பந்தயத்தில் பல பத்தாண்டுகள் இந்தப் புகை வண்டிகளின் ஆட்சிதான்.

1991இல் ஷா ஆலமில் முதல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி பந்தயம் நடந்தபோது மாமா மகனோடு போயிருந்தேன். 500 சிசியில் வென்றவர் ஜான் கொசின்ஸ்கி. எங்களுக்குக் கிடைத்த இடத்திலிருந்து யார் முந்தினார், யார் பிந்தினார் ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த வாசம் புரிந்தது. மாமா மகன் மூக்கை உயர்த்தி, "டேய், நம்ம மோட்டார் வாசம்டா!" என்றான். உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான், எஸ். உலகத்திலேயே வேகமான மோட்டாரும் தோட்டத்துப் பையனின் தவணை மோட்டாரும் அன்றைக்கு ஒரே சாதி. அதற்கு நான்கு சிலிண்டர், எனக்கு ஒன்று, வித்தை மட்டும் ஒன்றே. நீங்கள் வாங்கியிருக்கிற வண்ணத்தில்தான் 1995 முதல் மிக் டூஹன் என்எஸ்ஆர் 500 ஓட்டினார். அவருக்கு 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து பட்டம். அந்த எழுத்துகளை டாங்கியில் ஒட்டிக்கொள்ள நமக்கும் கொஞ்சம் உரிமை இருந்தது.

அதைத் திறந்து பார்க்கவும் முடிந்தது. இதை நான் கற்றது வெட்கப்படும்படியான வழியில். ஒரு ராத்திரி ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தேன், மோட்டாருக்கு டோல் இல்லை என்ற தைரியத்தில். 2டி எண்ணெய் வாங்க வைத்திருந்த காசில் மீ கோரேங் சாப்பிட்டாயிற்று. ஜெலாப்பாங் தாண்டி மேடு ஏறும்போது எண்ணெய் இல்லாமல் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்து, பின் சக்கரம் திடீரென இறுகியது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் இன்றைக்கு உங்களுக்குப் பதில் எழுதுகிறேன். மெனோரா சுரங்கப்பாதையில் சத்தம் கேட்பதற்கென்றே எத்தனையோ தடவை கியர் குறைத்து முறுக்கியிருக்கிறேன். அன்றைக்கு அதே சுரங்கத்தில் என் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனேன். ஓரத்தில் லாரிகள் உரசுகிற மாதிரி போயின. எல்லாம் என் தப்புதான்.

அந்த வாரமே ரம்புத்தான் மரத்தடியில் சாக்கு விரித்துப் பிரித்தோம். வால்வைத் திறக்கும் கேம் இல்லை, அதைச் சுற்றும் டைமிங் செயின் இல்லை. தலையைத் தூக்கினால் பிஸ்டன், அவ்வளவுதான். பட்டணத்தில் சிலிண்டரை போர் பண்ணிக் கொஞ்சம் அகலமாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உதைத்ததும் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் எனக்கு அப்படி ஒரு பெருமை வந்ததில்லை.

பிறகு 2002இல் பெரிய பந்தயத்துக்கு 990 சிசி நான்கு ஸ்ட்ரோக் வந்தது. கடைசி 125 சிசி உலகப் பட்டப் பந்தயங்கள் 2011இல் நடந்தன. இங்கே ஆர்எக்ஸ்இசட் தயாரிப்பு நின்றதும் அதே வருடம். நியாயமான முடிவுதான், அதில் எனக்குக் குறையில்லை. எரியாத பெட்ரோலையும் எண்ணெயையும் லயத்துக் குழந்தைகளின் மூக்கில் ஊதிக்கொண்டுதான் நாம் பறந்தோம்.

உங்கள் என்எஸ்ஆரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ரொம்ப நாள் சும்மா நின்ற வண்டியென்றால் கிராங்க் தண்டின் ஓரத்தில் காற்றை அடைக்கும் ரப்பர் சீல் காய்ந்திருக்கும். அதன் வழியே காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடேறி, பிஸ்டன் பிடித்துவிடும். முதலில் அதை மாற்றுங்கள், பெயின்ட் அப்புறம். நீண்ட இறக்கத்தில் முறுக்குக் கைப்பிடியை முழுதாக மூடி இன்ஜினாலேயே வேகத்தை அடக்காதீர்கள். பெட்ரோல் போகாவிட்டால் எண்ணெயும் சரியாகப் போகாது. இரண்டு விரல் எப்போதும் கிளட்சில் இருக்கட்டும்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் சொல்லுங்கள். நெடுஞ்சாலை வேண்டாம், பழைய சாலையில் காந்தான், செம்மோர் வழியாக ஈப்போ வரை போய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம். என் முழங்கால் இப்போது உதைக்கத் தோதில்லை. நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். மகன் அவனுடைய மோட்டாரில் நமக்குப் பின்னாலேயே வரட்டும், புகையைத் தாண்டி முந்த மனமிருந்தால் முந்தட்டும். 2டி எண்ணெய்க் காசு என்னுடையது.