சாமி அறைக்கு ஒரு எண்

கேள்வி: 111111111ஐ அதே எண்ணால் பெருக்கினால் 12345678987654321 வருகிறது. எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றுதான், இலக்கங்களைக் கூட்டினால் 81. முன்னோர்கள் ஏட்டில் ஒளித்து வைத்த தெய்வீக எண் என்று வட்ஸ்அப்பில் வந்தது. சட்டம் போட்டுச் சாமி அறையில் மாட்டலாமா? (வாசகர் ஒருவர், கோண்டாவில்)

பதில்: தாராளமாக மாட்டுங்கள், சுவர் உங்களுடையது. பெருக்கலும் சரிதான், நானும் கொப்பியில் போட்டுப் பார்த்தேன். ஆனால் முன்னோரை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? பழைய தமிழ் முறையில் 111ஐ ௱௰௧ என்று எழுதினார்கள். நூறுக்கு ஒரு குறி, பத்துக்கு ஒரு குறி, ஒன்றுக்கு ஒரு குறி. அந்த எழுத்தில் ஒன்பது ஒன்றுகள் வரிசையாக நிற்கவே நிற்காது. நிற்காத வரிசையை எப்படி ஐயா ஒளித்து வைப்பது?

சரி, அழகு எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடத்தில் செய்த மாதிரியே நீளமாகப் பெருக்குங்கள். ஒன்பது வரிகள், எல்லாவற்றிலும் அதே 111111111, ஒவ்வொரு வரியும் முந்தியதைவிட ஓரிடம் இடப்பக்கம் தள்ளி. கூட்டும்போது வலது ஓரத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று ஏறி நடுவில் ஒன்பதைத் தொட்டு, கேணிப் படி போல மறுபக்கம் இறங்கும். எந்த இடத்திலும் ஒன்பதைத் தாண்டாததால் பக்கத்து இடத்துக்கு எதுவும் தாவவில்லை. வரிக்கு ஒன்பது ஒன்றுகள், ஒன்பது வரிகள், உங்கள் 81 வந்த வழி அதுதான். இன்னும் ஒரே ஒரு ஒன்றைச் சேர்த்துப் பத்து ஒன்றுகளின் வர்க்கத்தைப் பாருங்கள்: 1234567900987654321. நடுவில் பத்து வந்து ஒன்று இடம் தாவிவிட்டது, தெய்வீகமும் போய்விட்டது! மனிதருக்கு எட்டு விரல்கள் இருந்து எட்டெட்டாக எண்ணியிருந்தால் இந்த விளையாட்டு ஏழு ஒன்றுகளோடேயே முடிந்திருக்கும்.

ஆக நீங்கள் ரசிப்பது எண்ணின் உடுப்பை. உடம்பைப் பார்க்க வேண்டுமென்றால் காரணிகளைத் தேடுங்கள், அவை எந்த முறையில் எழுதினாலும் மாறாது. 111111111 என்பது 3 × 3 × 37 × 333667. இதில் 333667 ஒரு முதன்மை எண், மேலே உடைக்க ஏலாது. உங்கள் பெரிய எண்ணில் இவை எல்லாம் இரட்டிப்பாக இருக்கும், அதனால் அதை மீதியில்லாமல் வகுக்கக்கூடிய எண்கள் மொத்தம் 45. (37ஐயும் 333667ஐயும் பெருக்கினால் 12345679. எட்டு மட்டும் காணாமல் போயிருக்கிறது, இதையும் யாராவது வட்ஸ்அப்பில் போடுவதற்குள் சொல்லிவிடுகிறேன், அதுவும் உடுப்புத்தான்.)

மாட்டத்தான் வேண்டும் என்றால் பத்தொன்பது ஒன்றுகளை மாட்டுங்கள். ஒன்றுகளால் மட்டும் ஆன எண்களில் 11க்குப் பிறகு வரும் அடுத்த முதன்மை எண் அதுதான், நடுவில் உள்ள எல்லாம் உடையும். சட்டம் கொஞ்சம் நீளமாகச் செய்யச் சொல்லுங்கள்.