வாசகர் கேள்வி – பதில்: ஆங்கிலத் தேர்வில் இலக்கணம் எங்கே ஒளிந்திருக்கிறது?

வெளிநாட்டு வேலைக்காகவும் மேற்படிப்புக்காகவும் உயர்நிலை ஆங்கிலத் தேர்வுகளை எழுதுகிறவர்களிடமிருந்தும், அவர்களுடைய பெற்றோர், ஆசிரியர்களிடமிருந்தும் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. பெரும்பாலான கடிதங்கள் வாசிப்புத் திறனும் இலக்கண அறிவும் எப்படி மதிப்பிடப்படுகின்றன என்பதையே கேட்பதால், இந்த இதழில் அந்தப் பொருளுக்கு மட்டும் இடம் தருகிறோம்.

நாகர்கோவிலில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். பிரிட்டன் செல்லும் எண்ணத்தில் ஐஈஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வை இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் வாசிப்பில் ஒன்பதுக்கு 6 தான் கிடைத்தது. அதற்காகவே ஒரு தடித்த இலக்கணப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். வினாத்தாளிலோ இலக்கணக் கேள்வி ஒன்றுகூட இல்லை. படித்தது வீண்தானா? – ஒரு செவிலியர், மார்த்தாண்டம்

வீணாகவில்லை, ஆனால் நீங்கள் தேடிய இடத்தில் இலக்கணம் இல்லை. ஐஈஎல்டிஎஸ் தேர்வில் இலக்கணத்துக்கென்று தனித்தாள் கிடையாது. எழுத்துத் தேர்விலும் பேச்சுத் தேர்விலும் மதிப்பெண் இடுவதற்கான நான்கு அளவுகோல்களில் ஒன்று இலக்கணம். எத்தனை வகையான வாக்கியங்களைக் கையாளுகிறீர்கள், எவ்வளவு பிழையின்றிக் கையாளுகிறீர்கள் என்று பார்க்கிறார்கள். வாசிப்புத் தாளில் அது கேள்வியாக வராமல், பத்தியின் வாக்கியங்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

வாசிப்புத் தாளில் மூன்று பத்திகள், 40 கேள்விகள், 60 நிமிடங்கள். அகாடமிக் பிரிவில் ஏறத்தாழ 23 விடைகள் சரியாக இருந்தால் 6, ஏறத்தாழ 30 சரியாக இருந்தால் 7. உங்களுக்கும் 7-க்கும் நடுவே நிற்பவை அதிகம் போனால் ஏறத்தாழ ஏழு விடைகள் மட்டுமே. எனவே அடுத்த மாதிரித் தேர்வை எழுதியதும் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டு மூடி வைக்காமல், தவறிய ஒவ்வொரு விடைக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள். எழுத்துப்பிழையா, "இரண்டு சொற்களுக்கு மேல் கூடாது" என்ற இடத்தில் மூன்று சொற்கள் எழுதியதா, நேரம் போதாமையா, வாக்கியத்தைப் பிழையாகப் புரிந்துகொண்டதா? முதல் இரண்டையும் ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம். நான்காவதுதான் உங்கள் இலக்கணப் புத்தகத்துக்கு வேலை வைக்கும் இடம்.

ஓர் எடுத்துக்காட்டு: "நாட் அன்டில் த செகண்ட் டிரையல் டிட் த நர்சஸ் நோட்டிஸ் எனி இம்ப்ரூவ்மென்ட்." அவசரமாகப் படிக்கிறவர் தொடக்கத்திலுள்ள "நாட்" என்பதைப் பிடித்துக்கொண்டு, செவிலியர்கள் முன்னேற்றத்தைக் கவனிக்கவில்லை என்று முடிவு கட்டுவார். உண்மையில் அவர்கள் கவனித்தார்கள். இரண்டாவது சோதனையில்தான் கவனித்தார்கள். எழுவாய்க்கு முன்னால் துணைவினை வரும் இந்த அமைப்பை நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கோடிட்ட இடத்தை நிரப்பியும் இருப்பீர்கள். ஓடுகிற பத்தியில் அதை அடையாளம் காணப் பழகவில்லை, அவ்வளவுதான்.

ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்துள்ளேன். கேம்பிரிட்ஜின் சி1 அட்வான்ஸ்டு தேர்வை எழுத விரும்புகிறேன். அதில் வாசிப்பையும் இலக்கணத்தையும் ஒரே தாளில் கலந்து வைத்திருக்கிறார்களே, எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று எப்படிப் பிரிப்பார்கள்? – ஒரு பட்டதாரி, தக்கலை

2015-க்கு முன் அவை இரண்டு தனித்தனித் தாள்கள். இப்போது ஒரே தாள்: 90 நிமிடங்கள், எட்டுப் பகுதிகள், 56 கேள்விகள். தாள் ஒன்றானாலும் கணக்கு இரண்டு. இரண்டாம், மூன்றாம், நான்காம் பகுதிகள் இலக்கணத்தை உள்ளடக்கிய ஆங்கிலப் பயன்பாட்டுக் கணக்கில் சேரும். அவற்றுக்கு மொத்தம் 28. ஐந்து முதல் எட்டு வரையுள்ள பகுதிகளோடு முதல் பகுதியும் சேர்ந்து வாசிப்புக் கணக்கு, அதற்கு 50. நான்கு சொற்களில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முதல் பகுதியை நம் ஊர்ப் பயிற்சி வகுப்புகளில் பலர் இலக்கணம் என்றே நடத்துகிறார்கள். அங்கே சோதிக்கப்படுவது சொல்லின் பொருள் நுட்பமும் எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதும் ஆகையால், அதை வாசிப்போடு சேர்த்தது எனக்கு நியாயமாகவே படுகிறது.

வாசிப்பு, ஆங்கிலப் பயன்பாடு, எழுத்து, கேட்டல், பேச்சு ஆகிய ஐந்தின் மதிப்பெண்களையும் கேம்பிரிட்ஜின் தனி அளவுகோலுக்கு மாற்றி எடுக்கும் சராசரியே இறுதி மதிப்பெண். 180 எடுத்தால் சி1 தேர்ச்சி; 160 முதல் 179 வரை எடுத்தவருக்கு அதற்குக் கீழான பி2 நிலைச் சான்றிதழ் கிடைக்கும். ஐந்தில் இரண்டு பங்கு இந்த ஒரே தாளிலிருந்து வருகிறது என்பதை மனதில் வையுங்கள்.

நான்காம் பகுதியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதே பொருள் வரும்படி இன்னொரு வாக்கியத்தை மூன்று முதல் ஆறு சொற்களால் நிரப்பச் சொல்வார்கள். தரப்பட்ட ஒரு சொல்லை உருமாற்றாமல் பயன்படுத்த வேண்டும். எளிய எடுத்துக்காட்டாக, "ஐ ரிக்ரெட் நாட் ஃபாலோயிங் ஹெர் அட்வைஸ்" என்ற வாக்கியத்தையும் "விஷ்" என்ற சொல்லையும் வைத்துக்கொள்வோம். நிரப்ப வேண்டியது "விஷ் ஐ ஹாட் ஃபாலோட்" என்ற நான்கு சொற்கள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மதிப்பெண். விடையை இரண்டு பாதிகளாகப் பிரித்து, பாதிக்கு ஒன்று வீதம் தருவார்கள். "ஹாட்" என்பதை விட்டவருக்கும் முதல் பாதியின் மதிப்பெண் கிடைக்கலாம். ஆகவே முழு விடை தெரியாவிட்டாலும் இடத்தை வெறுமையாக விடாதீர்கள். "டோன்ட்" போன்ற சுருக்கச் சொல்லை இரண்டு சொற்களாக எண்ணுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். முதுகலைப் பட்டதாரிகள் இந்தப் பகுதியில்தான் அதிகம் வழுக்குகிறார்கள் என்பது என் அனுபவம். கவிதைக்கு விளக்கம் எழுதிய கைக்கு ஆறு சொற்களுக்குள் அடங்குவது சிரமம்.

ஐஈஎல்டிஎஸ் வாசிப்பில் "ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்" (சரி, தவறு, பத்தியில் தகவல் இல்லை) கேள்விகளில் மட்டும் எப்போதும் பாதி தவறாகிறது. ஃபால்ஸ் எது, நாட் கிவன் எது என்று பிடிபடவில்லை. – ஒரு மாணவி, திருவட்டார்

உங்கள் ஊர்ப் பக்கமே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கீழ்க்காணும் பத்தியை ஆங்கிலத்தில் வந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்: "மாத்தூர் தொட்டிப்பாலம் பரளியாற்றின் குறுக்கே கட்டப்பட்டது. சுமார் 115 அடி உயரத்தில், தூண்கள் தாங்கிய தொட்டி வழியாகப் பாசன நீர் ஒரு குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்குச் செல்கிறது. தொட்டியை ஒட்டிய நடைபாதையில் மக்கள் நடந்து செல்லலாம்."

இப்போது மூன்று கூற்றுகள். "பாலம் விவசாயத்துக்கான நீரைக் கொண்டு செல்கிறது" என்றால் ட்ரூ. பாசன நீர் என்ற சொல்லே போதும். "பாலத்தின் மீது யாரும் செல்ல இயலாது" என்றால் ஃபால்ஸ். பத்தி அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. "இது ஆசியாவிலேயே உயரமான தொட்டிப்பாலம்" என்றால்? சிறு வயதிலிருந்து சுற்றுலா வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லி வந்த உங்கள் கை தானாகவே ட்ரூ என்று எழுதும். பத்தியில் உயரம் இருக்கிறது, ஒப்பீடு இல்லை. எனவே நாட் கிவன்.

ஃபால்ஸ் என்று எழுதுவதற்கு, கூற்றை மறுக்கும் சொற்கள் பத்தியில் இருந்தாக வேண்டும். விரலை வைத்துக் காட்ட முடியாவிட்டால் அது ஃபால்ஸ் அல்ல. தலைப்பு தெரிந்ததாக அமைந்துவிட்டால் மகிழ்ச்சியடையாமல் கூடுதல் எச்சரிக்கையோடு படியுங்கள். செவிலியர்கள் மருத்துவப் பத்தியில் மதிப்பெண் இழப்பதும் இதனால்தான்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்களா? – ஒரு வாசகர், இரணியல்

இந்தத் தேர்வுகள் எதிலும் குறைக்க மாட்டார்கள். கடைசி நிமிடத்தில் எல்லா இடங்களையும் நிரப்பிவிடுங்கள்.

நான் கடல் தொழில் செய்கிறவன். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். ஆங்கில வழியில் படித்தவர்களுக்குச் சமமாக அவளால் இலக்கணப் பகுதியை எழுத முடியுமா? – ஒரு தந்தை, குளச்சல்

முடியும். ஆங்கில வழியில் படித்தவர்களும் தமிழில் யோசித்தே தவறு செய்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்; வேறுபாடு பேச்சு வேகத்தில்தான் அதிகம். உங்கள் மகள் தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் படித்திருந்தால் அது அவருக்குக் கூடுதல் பலம்.

சி1 தாளின் இரண்டாம் பகுதியில், பத்தியிலிருந்து எட்டுச் சொற்களை எடுத்துவிட்டு, ஓரிடத்துக்கு ஒரு சொல்லாக நிரப்பச் சொல்வார்கள். எடுக்கப்படுபவை பெரும்பாலும் மிகச் சிறிய சொற்கள்: "த", "ஹூஸ்", "அன்லெஸ்", "டிஸ்பைட்" போன்றவை. இவை தமிழில் தனிச் சொற்களாக இல்லாதவை அல்லது வேறு விதமாக அமைந்தவை. "நேற்று வந்த நோயாளி" என்கிறோம். "வந்த" என்ற பெயரெச்சமே இணைக்கும் வேலையை முடித்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அங்கே "ஹூ" வேண்டும். "மகன் வளைகுடாவில் இருக்கிற அம்மா" என்று நம் வீடுகளில் இயல்பாகச் சொல்கிறோம். யாருடைய மகன் என்பதற்குத் தமிழ் ஓர் உருபும் செலவழிப்பதில்லை. ஆங்கிலத்தில் "ஹூஸ்" இல்லாமல் அந்த வாக்கியம் நிற்காது. தேர்வில் அந்த இடம்தான் காலியாக இருக்கும்.

அதேபோல், அடிக்கடி வரும் தவறுகள் சில: "அன்லெஸ்" என்ற சொல்லுக்குள்ளேயே "இல்லாவிட்டால்" அடங்கியிருக்க, அதன் பின்னால் இன்னொரு "நாட்" சேர்ப்பது. "ஆல்தோ" என்று தொடங்கிவிட்டு நடுவில் "பட்" போடுவது. "இன் ஸ்பைட் ஆஃப்" நினைவில் "டிஸ்பைட் ஆஃப்" என்று எழுதுவது. "டிஸ்கஸ் அபௌட்" என்பது. இவற்றை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் தமிழ் வாக்கியத்தையும் எழுதி, இரண்டு மொழிகளும் எங்கே பிரிகின்றன என்று உங்கள் மகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஐம்பது வாக்கியங்களில் பிடி கிடைத்துவிடும்.

ஐஈஎல்டிஎஸ், ஓஈடி இரண்டில் வாசிப்பு எதில் எளிது? – ஒரு செவிலியர், கருங்கல்

எளிது என்று ஒன்றில்லை. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஈடி உங்களுக்குப் பழக்கமான களத்தில் நடக்கிறது. அதன் வாசிப்புத் தாளும் 60 நிமிடங்கள்தான், 42 கேள்விகள். ஆனால் முதல் 15 நிமிடங்களில், ஒரே நோயைப் பற்றிய நான்கு சிறு உரைகளைப் புரட்டி 20 கேள்விகளுக்கு விடை எழுதியாக வேண்டும். அந்த நேரம் முடிந்தபின் அந்தப் பகுதிக்குத் திரும்ப முடியாது. வார்டில் மருந்துக் குறிப்பைத் தேடி எடுக்கும் வேகம் உள்ளவருக்கு இது பிடிக்கும். மீதி 45 நிமிடங்களில் வரும் நீண்ட கட்டுரைகளோ, எழுதியவரின் மனப்போக்கையும் "இட்", "திஸ்" போன்ற சொற்கள் எதைச் சுட்டுகின்றன என்பதையும் கேட்பவை; அங்கே மருத்துவ அறிவு கைகொடுக்காது. பிரிட்டனின் செவிலியர் பதிவுக்கு வாசிப்பில் ஐஈஎல்டிஎஸ் என்றால் 7, ஓஈடி என்றால் 500-க்கு 350 கேட்கிறார்கள். பணம் கட்டுமுன் பதிவுக் கவுன்சிலின் இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மேல்நிலை மாணவர்களுக்கு இத்தகைய தேர்வுகளின் முறையில் நானே வினாத்தாள் தயாரிக்க விரும்புகிறேன். ஒரே பத்தியில் வாசிப்பையும் இலக்கணத்தையும் சோதிப்பது எப்படி? – ஓர் ஆசிரியை, குலசேகரம்

சொற்களை நீக்கி நிரப்பச் சொல்லும் "க்ளோஸ்" முறையை 1953-இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் அறிமுகப்படுத்தினார். அவர் அளக்க நினைத்தது மாணவரை அல்ல, உரை எவ்வளவு எளிது என்பதை; அதனால் ஐந்தாவது சொல், பத்தாவது சொல் என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணி நீக்கினாலும் அவருக்குப் போதுமானதாக இருந்தது. பின்னாளில் அது மொழித் தேர்வுகளுக்கு வந்து சேர்ந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் எண்ணி நீக்கினேன். 1741-ஆம் ஆண்டுக் குளச்சல் போரைப் பற்றிய ஆங்கிலப் பத்தி அது. ஏழாவது சொல்லாக ஓரிடத்தில் "1741", இன்னோரிடத்தில் டச்சுத் தளபதி டி லனாயின் பெயர் போய்விட்டது. வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்தவன் சரித்திரத்தில் கெட்டிக்காரன். ஆங்கிலத்தில் நன்றாக எழுதும் பெண் பின்தங்கிவிட்டாள். தாள்களைத் திருத்தும்போதுதான் என் தவறு எனக்கு உறைத்தது.

எனவே எண்ணாமல் தேர்ந்து நீக்குங்கள். பத்தியிலிருந்து பத்துச் சொற்களை எடுப்பதாக இருந்தால், ஆறு சொற்கள் அந்த வாக்கியத்தைக் கொண்டே நிரப்பக்கூடியனவாகவும், நான்கு சொற்கள் முந்தைய வாக்கியத்தையோ அடுத்த வாக்கியத்தையோ படித்தால்தான் நிரப்ப முடிகிறவையாகவும் இருக்கட்டும். "த பஸ் வாஸ் ______" என்ற இடத்துக்கு "ரிலை" என்ற சொல்லைக் கொடுத்து, அதை உருமாற்றி நிரப்பச் சொன்னால், அந்த வரியை மட்டும் படித்தவர் "ரிலையபிள்" என்று எழுதுவார். மூன்று நாட்களாகப் பேருந்து வரவில்லை என்ற அடுத்த வரியையும் படித்தவரே "அன்ரிலையபிள்" என்று எழுதுவார். முதல் மாணவருக்கு இலக்கணம் தெரியும், வாசிக்கத் தெரியவில்லை. இந்த வேறுபாட்டை மதிப்பெண் பட்டியலில் இரண்டு தனி நெடுவரிசைகளில் குறித்து வைத்தால், யாருக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

"விச்", "தட்" இரண்டும் பொருந்தும் இடங்கள் வரும். விடைக்குறிப்பில் இரண்டையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். தாளை மாணவர்களிடம் கொடுப்பதற்கு முன், அந்தப் பத்தியைப் பார்த்திராத இன்னோர் ஆசிரியரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். அவர் தயங்கி நிற்கும் இடத்தில் மூலச் சொல்லைத் திரும்ப வைத்துவிட்டு, வேறோர் இடத்தைத் தேடுங்கள்.