கம்பி யாருடையது, காசு யாருடையது?

கேள்வி: அமெரிக்காவில் பிராட்பேண்ட் வந்த புதிதில் அதை நம்பிச் சின்ன கம்பெனிப் பங்குகளில் பணம் போட்டவர்கள் எல்லாம் கோடீஸ்வரர் ஆகிவிட்டார்களாம். இப்போது கிராமம் வரை ஃபைபர் போகிறது, அந்த வேலை எடுக்கும் சின்ன கம்பெனிகளில் சீட்டு எடுத்த 3 லட்சத்தையும் போடு என்கிறார் என் மச்சான். போடலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: மூன்று லட்சத்தையும் போடாதீர்கள். உங்கள் மச்சான் கதையின் முன்பாதியை மட்டும் கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வீடு வேகமான இன்டர்நெட் வரும் என்று 1999-ல் சொன்னவர்கள் யாரும் தப்பாகச் சொல்லவில்லை, வந்தது. கோவாட், நார்த்பாயின்ட், ரிதம்ஸ் என்று மூன்று கம்பெனிகள். பழைய டெலிபோன் கம்பெனிகள் தங்கள் செம்புக் கம்பியைப் புதியவர்களுக்கும் வாடகைக்கு விட வேண்டும் என்று 1996-ல் சட்டம் வந்ததே, அதை நம்பி இறங்கியவை. நீங்கள் டிஎஸ்எல் (டெலிபோன் கம்பி வழியே வரும் வேகமான இன்டர்நெட்) இணைப்பு கேட்டால் உங்கள் இன்டர்நெட் கம்பெனி நார்த்பாயின்ட்டிடம் சொல்லும், நார்த்பாயின்ட் டெலிபோன் கம்பெனியிடம் கம்பி கேட்கும், அவர்கள் ஆள் அனுப்ப வேண்டும். அந்த டெலிபோன் கம்பெனியும் அதே டிஎஸ்எல்லை விற்றுக்கொண்டிருந்தால் எவ்வளவு அவசரமாக அனுப்புவார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆள் வந்தாலும், டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி வீடு இருந்தால் சிக்னல் வந்து சேராது, கதை முடிந்தது.

இத்தனையும் கடன் வாங்கி. 2000 மார்ச்சுக்குப் பிறகு அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை சரிய, கடன் கொடுப்பவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். நார்த்பாயின்ட்டில் பணம் போடுவதாக இருந்த வெரைசான் என்ற பெரிய டெலிபோன் கம்பெனி அந்த நவம்பரில் பின்வாங்கியது, 2001 ஜனவரியில் நார்த்பாயின்ட் திவால். மார்ச்சில் ஏடி அண்ட் டி என்ற இன்னொரு டெலிபோன் கம்பெனி 13.5 கோடி டாலருக்குச் சாமான்களை மட்டும் வாங்கியது, வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்றுவிட்டது. சுமார் லட்சம் பேருக்கு இணைப்பு போயிற்று. ஆகஸ்டில் மற்ற இரண்டும் திவால் மனு போட்டன, கோவாட் மட்டும் எழுந்து வந்தது.

சரி, சாமான் செய்து விற்றவன் பிழைத்திருப்பானே என்பீர்கள். காப்பர் மவுன்டன் என்ற கம்பெனி அதைத்தான் செய்தது, டிஎஸ்எல் கருவிகள். அதன் பெரிய வாடிக்கையாளர்களே நார்த்பாயின்ட்டும் ரிதம்ஸும்தான். கல்யாணம் நின்றுபோனால் பந்தல்காரருக்கு மட்டும் யார் பணம் தருவார்?

நல்ல கம்பெனியைப் பிடித்தாலும் விலை என்று ஒன்று இருக்கிறது. இணையதளங்களை வேகமாக நம்மிடம் கொண்டுசேர்க்கும் ஆகமாய் என்ற கம்பெனி இன்றும் இருக்கிறது, நன்றாகவே நடக்கிறது. 1999 அக்டோபரில் 26 டாலருக்கு வெளியிட்ட பங்கு முதல் நாளே 145-ல் முடிந்தது, 2002-ல் ஒரு டாலருக்கும் கீழே போனது, 2024 முடியும்போதும் அந்த முதல் நாள் விலையைத் தொடவில்லை. பிராட்பேண்டால் உண்மையிலேயே கொழித்த நெட்ஃபிளிக்ஸ் 2002-ல் பங்கு வெளியிட்டபோது தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டிருந்தது. அதைப் பிராட்பேண்ட் பங்கு என்று அப்போது யார் வாங்கியிருப்பார்கள்?

இப்போது உங்கள் விஷயம். மச்சான் சொல்லும் கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்து, 'வரவேண்டிய பாக்கி' எவ்வளவு, அது வருமானத்தை விட வேகமாக ஏறுகிறதா என்று பாருங்கள். கிராம ஃபைபர் வேலை என்றால் பணம் பெரும்பாலும் அரசாங்கத்திடமிருந்துதான் வர வேண்டும், போட்ட பில்லுக்கு எத்தனை மாதம் கழித்து வருகிறது? அதுவரை கூலி கொடுக்க யாரிடம் கடன் வாங்குகிறார்கள், என்ன வட்டிக்கு? அப்புறம், அது எஸ்எம்இ பங்கு (சின்ன கம்பெனிகளுக்கான தனிச் சந்தைப் பிரிவில் இருப்பது) என்றால் லாட் கணக்கில், அதாவது மொத்தமாக இத்தனை பங்கு என்றுதான் வாங்கி விற்க முடியும், நீங்கள் விற்க நினைக்கும் நாளில் வாங்க ஆள் இல்லாமலும் போகலாம்.

ஆசை விடவில்லை என்றால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் போடுங்கள், அதுவும் எஸ்எம்இ இல்லாத பங்கில், போனால் போகட்டும் என்று. மச்சான் எவ்வளவு போட்டிருக்கிறார் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அதை எழுதவில்லையே.