டெஸ்ட் தொடர் முடியட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: நியூசிலாந்தில் ஒரு நெட்பால் அமைப்பில் சம்பளத்துக்குத் துணைப் பயிற்சியாளராக இருக்கிறேன். டெஸ்ட் தொடர் தொடங்க இரண்டே வாரம் இருந்தபோது, மார்ச் 3 அன்று என்னைக் கூப்பிட்டு, வீராங்கனைகள் சிலர் என் பயிற்சி முறையைப் பற்றிக் குறை சொல்லியிருப்பதாகவும், இப்போதைக்கு நான் ஒதுங்கி இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். என்ன குறை, யார் சொன்னது எதுவும் தெரியவில்லை. பரஸ்பரச் சம்மதத்தோடு விலகுவதாக ஒரு தாளும் தந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். 2025இல் நியூசிலாந்து தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளர் நோலீன் டௌருவாவையும் இப்படித்தான் ஒரு தொடருக்கு முன்னால் ஒதுக்கி வைத்தார்கள், பிறகு அவர் திரும்ப வந்துவிட்டார். நானும் தொடர் முடியும்வரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு நியாயம் கேட்கலாமா? முகநூல் வழியாக ஒரு அட்வகேட் பேசினார். ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்கிறார். அவரிடம் ஒப்படைக்கலாமா?

பதில்: பேசாமல் இருக்காதீர்கள். அந்தத் தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: காலக்கெடு.

நியூசிலாந்தின் எம்ப்ளாய்மென்ட் ரிலேஷன்ஸ் சட்டம் (2000), முதலாளிமீது பர்சனல் கிரீவன்ஸ் (வேலையில் நடந்த அநியாயத்துக்கு எதிரான முறையான புகார்) எழுப்ப ஊழியருக்கு 90 நாள் தருகிறது. இவை வேலை நாட்கள் அல்ல; சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் சேர்ந்த 90 நாள். செயல் நடந்த நாளையோ அது உங்களுக்குத் தெரியவந்த நாளையோ, எது பிந்தியதோ அதை முதல் நாளாக வைத்து எண்ண வேண்டும். உங்கள் விஷயத்தில் மார்ச் 3 முதல் நாள். மார்ச்சில் 29, ஏப்ரலில் 30, மே மாதத்தில் 31. மே 31 அன்று கெடு முடிகிறது. தொடர் எப்போது முடிகிறது, விசாரணை எப்போது முடிகிறது என்பதையெல்லாம் இந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். ஒதுக்கி வைத்தது ஒரு செயல். பிறகு வேலையை விட்டே நீக்கினால் அது வேறு செயல். முதலாவது ‘நியாயமற்ற பாதகம்’ என்ற வகை, இரண்டாவது ‘நியாயமற்ற பணிநீக்கம்’. இரண்டுக்கும் தனித்தனியாக 90 நாள் ஓடும். விசாரணையை நான்கு மாதம் இழுத்து அதன் பிறகு உங்களை நீக்கினால், நீக்கியதைப் பற்றி நீங்கள் கேட்கலாம். மார்ச் 3 அன்று விளக்கமே கேட்காமல் வெளியே அனுப்பியதைப் பற்றிக் கேட்கும் உரிமை அதற்குள் போயிருக்கும். உங்கள் கேஸில் வலுவான பகுதியே அந்த முதல் நாள்தான்.

ஏன் வலுவானது? நியாயமான முதலாளி நான்கு வேலைகளைச் செய்தாரா என்று சட்டம் பார்க்கும்: போதிய அளவு விசாரித்தாரா, நடவடிக்கைக்கு முன் குறையை உங்களிடம் சொன்னாரா, பதில் சொல்ல உண்மையான வாய்ப்புத் தந்தாரா, நீங்கள் சொன்னதை மனதில் வாங்கினாரா. சஸ்பெண்ட் செய்வதற்கும் இது பொருந்தும். பொதுவாக ஒப்பந்தத்திலேயே அந்த அதிகாரம் எழுதியிருக்க வேண்டும்; எழுதியிருந்தாலும், ‘உங்களை இடைநிறுத்த யோசிக்கிறோம், என்ன சொல்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஒதுங்கி இருப்பது, ஓய்வு எடுப்பது, வீட்டிலிருந்து வேலை செய்வது என்று எந்தப் பெயரில் சொன்னாலும் விளைவு ஒன்றுதான். அந்த நாட்களுக்குச் சம்பளம் வருகிறதா என்று பாருங்கள். வருடாந்திர விடுப்பில் கழித்துக்கொள்ளலாம் என்று கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் விடுப்பெடுக்க வைக்க குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

கிரீவன்ஸ் எழுப்ப வக்கீலும் வேண்டாம், படிவமும் வேண்டாம். ஒரு மின்னஞ்சல் போதும். ஆனால் ‘எனக்கு மிகவும் வருத்தம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. முதலாளி படித்துப் பதில் சொல்லும் அளவுக்கு விவரம் இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குள் மூன்று விஷயங்களை எழுதுங்கள். முதலில் என்ன நடந்தது: தேதி, இடம், யார் யார் இருந்தார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள். அடுத்து அது ஏன் நியாயமில்லை: முன்கூட்டிக் கருத்துக் கேட்கவில்லை, புகாரின் விவரம் தரவில்லை, தொடருக்கான பொறுப்பு பறிபோனது, அதனால் பெயர் கெட்டது. கடைசியாக உங்களுக்கு என்ன வேண்டும்: பொறுப்பு திரும்ப வேண்டுமா, இழப்பீடு வேண்டுமா, அறிக்கையைத் திருத்த வேண்டுமா. ‘இதைப் பர்சனல் கிரீவன்ஸாக எழுப்புகிறேன்’ என்ற வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும். தலைமை நிர்வாகிக்கும் மனிதவளப் பிரிவுக்கும் அனுப்பி, கிடைத்ததாகப் பதில் கேளுங்கள். உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். அலுவலகக் கணக்கை எந்த நேரமும் முடக்கலாம், முடக்கினால் நீங்கள் அனுப்பியதற்கான சான்றே கையில் இருக்காது.

அதே நாளில் இன்னொரு மின்னஞ்சல். பிரைவசி (தனியுரிமை) சட்டம் 2020இன் கீழ், உங்களைப் பற்றி அமைப்பிடம் உள்ள எல்லாத் தகவலையும் கேளுங்கள்: வீராங்கனைகளின் கருத்துத் தொகுப்பு, மறுஆய்வு அறிக்கை, உங்கள் பெயர் வரும் உள் கடிதங்கள். 20 வேலை நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். சொன்னவரின் பெயரை மறைத்துத் தரலாம், அது பெரும்பாலும் செல்லும். சொன்ன குறையின் சாரத்தை மறைத்துவிட்டு உங்களிடம் பதில் மட்டும் கேட்க முடியாது. ‘தொடர்பாடல் பாணி சரியில்லை’ என்ற ஒற்றை வரிக்கு எவராலும் பதில் சொல்ல முடியாது. எந்தப் பயிற்சி முகாம், எந்த அமர்வு, என்ன சொன்னீர்கள் என்று அவர்கள் சொல்லியே ஆக வேண்டும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. வீராங்கனைகளைக் கூப்பிட்டு ‘யார் சொன்னது?’ என்று கேட்காதீர்கள்; கேட்டால் முதல் புகாரைவிடப் பெரிய புகார் உங்கள்மேல் வரும். அணியின் ஆட்டப் பகுப்பாய்வுக் காணொளிகளையும் வீராங்கனைகளின் உடற்தகுதிப் பதிவுகளையும் சொந்தக் கணினிக்கு நகல் எடுக்காதீர்கள். உங்கள் ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, உங்களுக்கு வந்த கடிதங்கள், நீங்களே எழுதி வைத்த தேதிக் குறிப்பு, இவை போதும். நிருபர் கூப்பிட்டால் பேச வேண்டாம். ஆனால் அமைப்பு ஊடக அறிக்கை விடப்போகிறது என்றால், வாசகத்தை முன்கூட்டிக் காட்டுமாறு எழுத்தில் கேளுங்கள். வெளியான வரியைப் பிறகு யாராலும் திரும்பப் பெற முடியாது.

இப்போது அந்த அட்வகேட். நம் ஊர்ப் பழக்கத்தில் அட்வகேட் என்றால் வக்கீல் என்று நினைத்துவிடுகிறோம். நியூசிலாந்தில் எம்ப்ளாய்மென்ட் அட்வகேட் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. எம்ப்ளாய்மென்ட் ரிலேஷன்ஸ் சட்டத்தின் 236ஆம் பிரிவின்படி, ஊழியர் தன் சார்பில் யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். படிப்பு, உரிமம், காப்பீடு எதுவும் கட்டாயமில்லை. வக்கீல் தவறு செய்தால் வக்கீல்களைக் கண்காணிக்கும் லா சொசைட்டியில் புகார் கொடுக்கலாம். இவர்கள் தவறு செய்தால் போய் நிற்க அப்படி ஒரு கதவு கிடையாது. தாமாக முன்வந்து ஒரு சங்கத்தில் சேர்ந்து அதன் ஒழுங்குவிதிக்கு உட்படும் நல்ல அட்வகேட்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேலை போன அதிர்ச்சியில் இருக்கும் ஒருவருக்கு யார் எவர் என்று எப்படித் தெரியும்? இத்தனை ஆண்டுகளாக இந்தத் தொழிலுக்குக் கட்டாய உரிமம் கொண்டுவராமல் வைத்திருப்பது பொறுப்பற்ற செயல்.

‘ஜெயித்தால் மட்டும் கட்டணம்’ என்ற ஒப்பந்தத்தில் நீங்கள் தேட வேண்டிய வரிகளைச் சொல்கிறேன். ‘நாங்கள் பரிந்துரைக்கும் தொகையை நீங்கள் மறுத்தாலோ, வழக்கை இடையில் கைவிட்டாலோ மணிக்கணக்கில் கட்டணம்’ என்ற வரி: இது இருந்தால் முடிவெடுக்கும் உரிமை உங்களிடம் இல்லை. சதவீதத்தின் மேல் 15 சதவீத ஜிஎஸ்டி தனியா என்பது. சதவீதம் எதன்மேல் என்பது: இழப்பீட்டின்மேல் மட்டுமா, எப்படியும் உங்களுக்கு வர வேண்டிய விடுப்புப் பணம், நோட்டீஸ் காலச் சம்பளம் இவற்றின்மேலுமா? உங்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுமில்லை. அதனால்தான் பொறுப்புக்குத் திரும்ப விரும்புகிறவரையும் பணம் வாங்கிக்கொண்டு வெளியேறும் வழிக்குத் தள்ளுகிறார்கள். நீங்கள் பயிற்சியாளராகவே தொடர விரும்புகிறீர்கள் என்றால் இந்த ஏற்பாடு உங்களுக்கு ஒத்துவராது.

இலவசமாகக் கேட்க இடம் இருக்கிறது: எம்ப்ளாய்மென்ட் நியூசிலாந்தின் 0800 20 90 20, கம்யூனிட்டி லா மையங்கள், சிட்டிசன்ஸ் அட்வைஸ் பியூரோ. வீராங்கனைகளுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது. துணைப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் தனி ஆளாகவே நிற்கிறார்கள். விளையாட்டு அமைப்புகள் இதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் வெள்ளிக்கிழமைக் கெடு வைக்கின்றன.

கெடு தவறினாலும் விதிவிலக்கு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. அதை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அட்வகேட்கள் இதைச் சொல்லித்தான் ஆறுதல் தருகிறார்கள். முதலாளி சம்மதித்தால் தாமதமாகவும் எழுப்பலாம். சம்மதிக்காவிட்டால் வேலைத் தகராறுகளை விசாரித்துத் தீர்க்கும் எம்ப்ளாய்மென்ட் ரிலேஷன்ஸ் அத்தாரிட்டியிடம் அனுமதி கேட்க வேண்டும். அசாதாரணச் சூழ்நிலையால் தாமதம் ஆனது என்றும், அனுமதிப்பது நியாயம் என்றும் அது திருப்தி அடைய வேண்டும். எவை அசாதாரணம் என்பதற்குச் சட்டமே நான்கு உதாரணம் தருகிறது: நடந்ததால் மனம் உடைந்து உரிய நேரத்தில் செயல்படவே முடியாத நிலை, பிரதிநிதியிடம் ஒழுங்காக ஒப்படைத்தும் அவர் காரணமின்றிச் செய்யத் தவறியது, ஒப்பந்தத்தில் 90 நாள் கெடு உட்பட குறைதீர்ப்பு வழிகளின் விளக்கமே இல்லாதது, நீக்கியதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டும் முதலாளி தராதது. மனம் உடைந்தது என்றால் சாதாரண வருத்தம் போதாது, மருத்துவரின் குறிப்பு வரை கேட்பார்கள். பிரதிநிதி தவறவிட்டார் என்றால், 90 நாளுக்குள் நீங்கள் தெளிவாக ‘எழுப்புங்கள்’ என்று சொன்னதை நிரூபிக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னேன் என்பது நிற்பது கடினம். மூன்றாவது உதாரணத்துக்காக இன்றே உங்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். அந்த விளக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இருந்தால் அந்த வழி அடைபட்டது. இத்தனைக்கும் பிறகு கிடைப்பது வழக்கில் வெற்றி அல்ல, வழக்கை எழுப்ப அனுமதி மட்டுமே. ஒரு மின்னஞ்சலில் முடிகிற வேலைக்கு இந்தச் சுற்று எதற்கு? பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு மட்டும் 2023 ஜூன் முதல் 12 மாதம் என்று கெடு நீண்டிருக்கிறது. உங்கள் விஷயம் அது அல்ல.

ஊழியராக இல்லாமல் இன்வாய்ஸ் கொடுத்துப் பணம் வாங்குகிறவருக்கு இந்த வழி இல்லை. நீங்கள் சம்பளத்துக்கு இருப்பதாகச் சொல்வதால் அதை விடுகிறேன்.

டௌருவா விஷயத்தை முன்மாதிரியாகக் கொள்ளாதீர்கள். 2019இல் லிவர்பூலில் ஆஸ்திரேலியாவை 52–51 என்று வென்று உலகக் கோப்பையைக் கொண்டுவந்தவர் அவர். 2025 செப்டம்பரில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெய்னி ஜேமிசன் கோப்பைத் தொடருக்கு முன் ஒதுக்கி வைக்கப்பட்டார். இவெட் மெக்காஸ்லாண்ட்-டூரி இடைக்காலமாகப் பொறுப்பேற்றார். அக்டோபரில் டௌருவா மீண்டும் நியமிக்கப்பட்டார். நாடே அவர் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு துணைப் பயிற்சியாளரை எங்கே என்று யாரும் கேட்கப் போவதில்லை. உங்களுக்காகப் பேச நீங்கள் எழுதும் கடிதம் மட்டும்தான் இருக்கிறது.

விளையாட்டில் நேர்மையைக் கவனிக்கும் ஸ்போர்ட் இன்டெக்ரிட்டி கமிஷன் (டே காஹு ரவுனுயி) 2024 ஜூலை 1 முதல் இயங்குகிறது. வீராங்கனைகளின் புகார் அங்கே போயிருக்கலாம், நீங்களும் போய் முறையிடலாம். ஆனால் உங்களை முதலாளி ஒதுக்கியது சரியா என்று தீர்ப்பளிக்கும் இடம் அது அல்ல. அங்கே கொடுத்த மனுவால் 90 நாள் நிற்காது. ஒரே சச்சரவுக்கு இரண்டு வாசல் வைத்து, ஒன்று மற்றொன்றின் கெடுவைப் பற்றி வாய் திறக்காத இந்த ஏற்பாட்டில் எத்தனை பேர் வழி தவறிப் போகிறார்கள்! நீங்கள் அந்த வரிசையில் நிற்காதீர்கள்.

அந்தத் தாளுக்கு வருவோம். கையெழுத்திட்டால் நீங்களே விலகியதாக ஆகும். பிறகு ‘கட்டாயத்தால் விலகினேன்’ என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். ‘படித்து ஆலோசனை பெற அவகாசம் வேண்டும், மீடியேஷனில் பேசத் தயார்’ என்று வெள்ளிக்கு முன் எழுத்தில் பதில் அனுப்புங்கள். மீடியேஷன் என்றால் நடுநிலையாளர் ஒருவர் முன் நடக்கும் சமரசப் பேச்சு. அரசின் மீடியேஷன் சேவை இலவசம், இணையத்தில் விண்ணப்பிக்கலாம், அங்கே பேசுவது ரகசியம், பிறகு எந்த மன்றத்திலும் பயன்படுத்த முடியாது.

அங்கே உடன்பாடு எட்டி, எம்ப்ளாய்மென்ட் ரிலேஷன்ஸ் சட்டத்தின் 149ஆம் பிரிவின்படி மீடியேட்டர் (அந்த நடுநிலையாளர்) கையெழுத்திட்டால் அது இறுதி. மறுநாள் மனம் மாறினாலும் திறக்க முடியாது. எனவே கையெழுத்துக்கு முன் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்: கடைசி வேலை நாள், நோட்டீஸ் காலச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம், ஊடக அறிக்கையின் சரியான வாசகம், அடுத்த வேலைக்கான பரிந்துரைக் கடிதத்தில் யார் கையெழுத்திடுவார், ஒருவரையொருவர் இழிவாகப் பேசக் கூடாது என்ற விதி இரண்டு பக்கமும் கட்டுப்படுத்துகிறதா, உங்கள் வக்கீல் செலவில் அவர்கள் எவ்வளவு தருகிறார்கள். பணம் எந்தத் தேதியில் வரும் என்பதும், அட்வகேட்டின் கணக்குக்குப் போகாமல் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதும் அந்த உடன்பாட்டிலேயே எழுதியிருக்க வேண்டும்.